அப்பா தொட்டு நடந்த மரங்கள்

முதலில் வாடியது ஆஸ்பத்திரிதான். படியிறங்கியதும் வரும் முதல் மரத்துக்கு அப்பா வைத்த பெயர் அது. அடுத்தது மார்க்கெட், அதற்கடுத்தது பள்ளிக்கூடம், பிறகு கோர்ட்டு, பின்சுவர் ஓரம் கடைசியாக நிற்பது டெர்மினஸ். ஆயுசு முழுக்க டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே தேய்ந்த மனுஷன். கண்ணில் பிரஷர் ஏறி, இரண்டு கண்ணும் அணைந்துபோன பிறகும், வீட்டுக்குப் பின்னால் இருந்த முற்றத்தை ஒரு ரூட்டாக மாற்றிக்கொண்டு காலையும் மாலையும் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தும் அழகுக்காக வைத்த மரங்கள். காய்க்காது, கனியாது, நல்ல விறகுக்குக்கூட ஆகாது. வருஷத்தில் ஒரு பருவம் கிளை தெரியாமல் ரோஸ் நிறத்தில் பூத்துக் கொட்டும். மற்ற நாளெல்லாம் சும்மா நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும். ஆனால் அந்த வீட்டில் அவளும் அப்பாவும் குடியிருப்பதே அந்த மரங்களின் தயவில்தான்.

அவளைத் தெருவில் டெய்லரம்மா என்பார்கள். உடுத்துகிற துணி தைக்கிற டெய்லர் இல்லை; உறை தைக்கிறவள். சோபாவுக்கு உறை, மெத்தைக்கு உறை, வாஷிங் மெஷினுக்கு உறை, வெயிலில் நிற்கிற காருக்கு உறை. ஒருத்தர் கிளி தூங்கமாட்டேன் என்கிறது என்று கூண்டுக்கு உறை கேட்டார். அதற்கும் ஜன்னல் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். முன்னறை முழுக்க கான்வாஸ் சுருள், ஃபோம் தாள், நைலான் பெல்ட். நடுவில் ஒரு கனத்த மெஷின். அது ஓடினால் சுவரில் மாட்டிய கண்ணாடி நடுங்கும். அவள் தைத்தது பிரிந்துவிட்டது என்று இதுவரை யாரும் வாசலில் வந்து நின்றதில்லை. அந்த ஒரு கர்வத்தை மட்டும் அவள் தனக்கென்று வைத்திருந்தாள்.

வீட்டுச் சொந்தக்காரி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வேறு ஊரில் மகனோடு இருக்கிறார். மகனுக்கு இந்த வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஆசை. டீச்சர் பிடிகொடுக்கவில்லை. வேலையை விட்ட வருஷம் லாரியோடு போய் நின்று ஒவ்வொரு கன்றாகப் பார்த்துப் பொறுக்கி, தன் கையால் குழிவெட்டி வைத்த மரங்கள் அவை. "மரம் நிக்கிறவரைக்கும் அந்த வீட்டுல கை வைக்காதே" என்று மகனிடம் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். சாவியை இவளிடம் கொடுத்தபோது, "மரத்தை நீ பாத்துக்கோ, உன்னை வீடு பாத்துக்கும்" என்றார்.

வேறு வீடு கிடைக்காதா என்றால், கிடைக்கும். அப்பாவுக்குத்தான் கிடைக்காது. பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தபோதே அவர் இந்த வீட்டை மனப்பாடம் செய்துவிட்டார். எந்தக் கதவு உள்பக்கம் திறக்கும், எந்த ஸ்விட்ச் ஷாக் அடிக்கும், குளியலறைத் தரை எங்கே சரியும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. நடுவில் ஒரு தடவை தம்பியின் ஃப்ளாட்டில் கொஞ்ச நாள் இருந்தார்கள். அங்கே அப்பா முதல் நாளே கதவில் நெற்றியை இடித்துக்கொண்டார். மறுநாள் கட்டிலை விட்டு இறங்கப் பயந்து படுக்கையிலேயே ஈரம் செய்துவிட்டார். மருமகள் முகம் சுளிக்காமல் துணியை மாற்றினாள். அதுதான் அவரை ஒரேயடியாக நொறுக்கிவிட்டது. "ரெண்டாவது தடவை கண்ணு போன மாதிரி இருக்கு பாப்பா. வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். அவர் அவளிடம் கெஞ்சியது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்ததும் அவள் முதல் வேலையாக அந்த ரூட்டைப் போட்டுக் கொடுத்தாள். கம்பம் நடலாமா என்று யோசித்தாள். முற்றத்துக்கு அடியில் சாக்கடைக் குழாய் ஓடுகிறது. தவிர, வரிசையாக மரம் நிற்கும்போது கம்பம் எதற்கு? லாரியில் சரக்குக் கட்டுகிற நைலான் பெல்ட்டை படியோரத்திலிருந்து இடுப்பு உயரத்தில் மரத்துக்கு மரம் இழுத்து, ஒவ்வொரு மரத்தையும் ஒரு சுற்று சுற்றி, இறுக்குகிற கொக்கி போட்டுக் கட்டினாள். பெல்ட் மரத்தை உரசக்கூடாதே என்று அடியிலும் மேலேயும் ஃபோம் வைத்துச் சுற்றினாள். அதன் மேல் கெட்டி கான்வாஸில் ஒரு காலர் தைத்து, பெல்ட்டையும் சேர்த்து மூடிவிட்டாள். காலர் மேல் அப்பாவின் விரலுக்கு அடையாளமாகப் பொத்தான்கள். ஆஸ்பத்திரிக்கு ஒன்று, மார்க்கெட்டுக்கு இரண்டு என்று டெர்மினஸ் வரைக்கும்.

முதல் நாள் அப்பா பெல்ட்டைப் பிடித்துத் தன்னந்தனியாகப் பின்சுவர் வரை போய்த் திரும்பினார். படியருகே வந்து நின்று, "எறங்குறவங்க எல்லாம் எறங்குங்க, வண்டி டிப்போ போகுது" என்றார். அவள் மெஷினில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் எதையும் தைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அதிலிருந்து அது அவர்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. ஈரத்திலும் வெயிலிலும் பெல்ட் தளரும். "பாப்பா, ரோடு பள்ளமா இருக்கு" என்று அப்பா குரல் கொடுப்பார். அவள் போய்க் கொக்கியை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு வருவாள். காலர் வெளுத்துக் கிழிந்தால் கழற்றமாட்டாள். கழற்றினால் பெல்ட் நழுவிவிடும். பழசின் மேலேயே புதுத்துணி போட்டுத் தைத்து மூடிவிடுவாள். டீச்சர் ஒருமுறை வந்து பார்த்தவர், "மரத்துக்கெல்லாம் சட்டை போட்டிருக்கியே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இப்படி நாலு வருஷம் போயிற்று.

ஆஸ்பத்திரியின் உச்சிக் கிளையில் இலைகள் சிறுத்து மஞ்சளானபோது, உதிர்கிற காலம் முன்னாலேயே வந்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு மார்க்கெட்டும் மஞ்சளாயிற்று. பள்ளிக்கூடத்தின் ஒரு பக்கம் மொத்தமாக மொட்டையானது. அதற்குள் பூக்கிற பருவமும் நெருங்கிவிட்டது. ஒரு மொட்டு இல்லை. கிளையைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

நர்சரிக்காரரைக் கூட்டி வந்தாள். கெட்டிக்காரப் பையன் மாதிரி இருந்தார். எதைக் கேட்டாலும் ஒரு பாட்டில் வைத்திருந்தார். முதல் தடவை தண்ணீர் அதிகமாகிவிட்டது, வேர் அழுகுகிறது என்றார். ஒரு பாட்டில். அடுத்த தடவை வந்து மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் போதவில்லை என்றார். இன்னொரு பாட்டில்.

படியில் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார்: "ஏன் தம்பி, போன தடவை முங்கிச் செத்துது, இந்தத் தடவை தாகத்துல சாவுதா? உங்க கடைல மரத்துக்கு நீச்சல் சொல்லித் தருவீங்களா?"

"பெரியவர் தமாஷா பேசுறாரு" என்று நர்சரிக்காரர் சிரித்தார். ஆனால் போகும்போது உருப்படியாக ஒன்றைக் காட்டிக்கொடுத்தார். கிளையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் இல்லை.

அதிலிருந்து அவளுக்கு வேறு வேலையே ஓடவில்லை. காலையில் எழுந்ததும் நகத்தோடு முற்றத்துக்குப் போவாள். உச்சியில் பழுப்பு, சரி. அதற்குக் கீழே பழுப்பு. இன்னும் கீழே பழுப்பு. பூஞ்சை மருந்து அடித்தாள், பூச்சி மருந்து அடித்தாள், உரம் வைத்தாள், வைத்த உரத்தைப் பயந்துபோய்த் தோண்டி எடுத்தாள். சாதம் கொதிக்கும்போது அடுப்பை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவாள், அந்த இடைவேளையில் ஏதோ துளிர்த்திருக்கும் என்பது மாதிரி. சோபா உறை ஒன்றைத் தலைகீழாக வெட்டித் துணியைப் பாழாக்கினாள். அவள் கையில் அப்படி நடந்ததே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து டீச்சர் போன் செய்தார்.

"மொட்டு விட்டுருக்குமே இந்நேரம்? அடுத்த வாரம் வர்றோம்மா. பையனும் வர்றான். இடத்தை ஒரு தடவை பாக்கணுமாம். பாக்கட்டும், பூத்து நிக்கிறதைப் பாத்தா அவனே வாயை மூடிக்குவான்."

"வாங்க டீச்சர்" என்றாள்.

போனை வைத்ததும் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. அப்பா அவருக்குக் 'கவர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார். புதுக் கார் வாங்கின நாளிலிருந்து பூ விழுகிறது, கறை பிடிக்கிறது என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சண்டை பிடித்தவர். ஒருமுறை டீச்சருக்கே போன் போட்டுக் கத்தியிருக்கிறார். வேறு யார்? யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. தலையைக்கூடச் சீவாமல் அவர் வீட்டு கேட்டில் போய் நின்றாள். அவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், நேராவே கேக்குறேன். என் மரத்துக்கு என்ன ஊத்துனீங்க?"

"என்னது?"

"அஞ்சு மரம் சாவுது. சும்மா சாகாது. பூ விழுதுன்னு எத்தனை தடவை குதிச்சிருப்பீங்க?"

அவர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "குதிச்சேன். குதிச்சுப் பாத்து முடியாம உங்ககிட்டயே கவர் தைக்கக் குடுத்தேன். மரத்தைக் கொல்லப் போறவன் எதுக்கு டெய்லரம்மா கவர் தைக்கிறான்?"

"அது வேற, இது வேற."

"இங்க வாங்க." அவளைத் தன் சுவர் ஓரம் கூட்டிப் போய் மேலே காட்டினார். "அந்தா நிக்குது பாருங்க. என் கார் மேல கொட்டுறது அந்த ஒத்தை மரம்தான். உங்க மத்த மரமெல்லாம் எனக்குக் கண்ணுல கூடப் படாது. ஊத்துறவன் கைக்கு எட்டுறதை விட்டுட்டு, சுவரேறிக் குதிச்சு அந்தப் பக்கம் போய் ஊத்துவானா? எனக்கென்ன கிறுக்கா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். ஆறாவது மரம். சந்து ஓரமாகத் தனியாக நிற்பது. அப்பா அதை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ரூட்ல இல்லாதது' என்பார். கிளைக்குக் கிளை மொட்டு திரண்டு, வெடிக்கத் தயாராக நின்றது.

"ஏதாவது சொல்லுங்க" என்றார் அவர். அவள் திரும்பி நடந்தாள். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: "தைச்ச கவர் நல்லா இருக்கு. அதுக்காகத்தான் இதோட விடுறேன்."

வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்படக்கூட நேரமில்லை. அவள் சந்தில் போய் ஆறாவது மரத்தடியில் நின்றாள். அதே லாரியில் வந்த கன்று. அதே மண். அதே குழாய்த் தண்ணீர். நர்சரிக்காரர் மருந்தில் ஒரு சொட்டுகூட இதற்குப் போகவில்லை. பாவம், இதை யாரும் கவனித்ததே இல்லை. இதன் மேல் அவள் கை பட்டதே இல்லை.

அந்த நினைப்பு அங்கேயே நின்றது. கை பட்டதே இல்லை.

உள்ளே போய்த் தையல் பிரிக்கிற கத்தியையும் அளவு டேப்பையும் எடுத்து வந்தாள். அப்பா ரூட்டில் இருந்தார். மார்க்கெட்டைத் தாண்டிக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு நின்றார்.

"ஆஸ்பத்திரில என்ன பாப்பா, வேலை நடக்குதா?"

"காலர் பழசாயிடுச்சுப்பா."

"பொத்தான் பத்திரம். அப்புறம் நான் ஆஸ்பத்திரின்னு நெனச்சு கோர்ட்டுல போய் எறங்கிடுவேன்."

அவள் மேல் தையலைப் பிரித்தாள். பச்சை கான்வாஸ். அதன் கீழே நீலம். பக்கத்து வீட்டுக் கார் கவரில் மிஞ்சியது. அதன் கீழே கோடு போட்ட துணி, ஒரு டீக்கடை கூடாரத்துக்குத் தைத்ததில் மீந்தது. வருஷத்துக்கு ஒன்றாக அவள் போர்த்திய துணிகள். கடைசியில் ஃபோம். விரல் கனம் இருந்தது இப்போது காகிதமாக நசுங்கிக் கிடந்தது. அதையும் உரித்தாள்.

உள்ளே பெல்ட்டைக் காணவில்லை.

ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து வந்த பெல்ட் மரத்துக்குள் போகிறது. அந்தப் பக்கம் வெளியே வருகிறது. நடுவில் இல்லை. பிறகுதான் பார்த்தாள். மேலிருந்த மரம் பருத்து வீங்கி, உதடு மாதிரி மடிந்து பெல்ட்டை விழுங்கியிருந்தது. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினால் இடுப்பில் ஒரு தடம் விழுமே, அதே தடம். ஆனால் விரல் நுழையாத ஆழத்துக்கு. தடத்துக்கு மேலே டேப்பைச் சுற்றினாள். கீழே சுற்றினாள். கீழே இளைத்துப்போயிருந்தது. மேலே இருக்கிற இலை காய்ச்சுகிற சாப்பாடு வேருக்கு இறங்க முடியாமல், பட்டினியில் வேர் செத்து, வேர் செத்ததில் உச்சி காய்ந்திருக்கிறது. இதைச் சொல்ல எந்த நர்சரிக்காரரும் தேவைப்படவில்லை.

டேப் கையிலேயே இருந்தது. குழந்தைக்குத் தைக்கிறவர்கள் தையலுக்குள் துணி விட்டுத் தைப்பார்கள், வளர்ந்தால் பிரித்துவிட. அவளுக்கு அந்தப் பழக்கமே இல்லை. அவள் தைத்ததெல்லாம் வளராத சாமான்களுக்கு. சோபா வளராது. கார் வளராது. கிளிக்கூண்டு வளராது. ஒரு தடவை எடுத்த அளவு எடுத்ததுதான். பிரியாமல் இருந்தால் போதும்.

பிரியாமல்தான் இருந்தது.

மற்ற நாலையும் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் அப்படியே. கோர்ட்டிலும் டெர்மினஸிலும் தடம் கொஞ்சம் ஆழம் குறைவு, அவ்வளவுதான். இரும்பறுக்கும் ரம்பத்தால் பெல்ட்டை ஒவ்வொரு மரத்திலும் அறுத்து, வெளியே தெரிந்த மட்டும் இடுக்கியால் பிடுங்கினாள். மரத்தோடு சேர்ந்துபோன இழைகள் வரவில்லை. கையில் கொப்புளம் வெடித்தது. அப்பாவை எப்போதோ உள்ளே அனுப்பிவிட்டிருந்தாள், மருந்து அடிக்கப்போகிறேன் என்று சொல்லி.

சாயங்கால டியூட்டிக்கு அப்பா படியிறங்கினார். வழக்கமான இடத்தில் கையை நீட்டினார். கை காற்றில் துழாவியது. இன்னும் கொஞ்சம் தள்ளித் துழாவியது.

"பாப்பா, பெல்ட்டு எங்க?"

"கழட்டியிருக்கேன்பா. துவைக்கணும்."

அப்பா அசையாமல் நின்றார். "டிக்கெட் எடுக்காதவன் சொல்ற பொய்யை முப்பது வருஷம் கேட்டவன் நான். உனக்குச் சரியா வரல."

சொன்னாள். எதையும் விடாமல் சொன்னாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை நடந்து, தடத்துக்குள் விரலை விட்டு மரத்தைச் சுற்றித் தடவினார்.

"பள்ளம் பள்ளம்னு நான் சொல்லச் சொல்ல நீ இறுக்கினே."

"நான்தானேப்பா கட்டினேன்."

"கட்டினது நீ. இறுக்கச் சொன்னது யாரு?" சிரிக்கிற மாதிரி வாயைக் கோணினார், சிரிப்பு வரவில்லை. பிறகு, குரலை மட்டும் தாழ்த்தி, பக்கத்தில் யாரோ நிற்பது போலச் சொன்னார்: "டீச்சர்கிட்ட சொல்லிடாத பாப்பா. பூச்சின்னு சொல்லு. பாட்டில் எல்லாம் இருக்குல்ல, எடுத்துக் காட்டு. எனக்கு வேற வீடு வேணாம்."

அவளுக்கும் வேண்டாம். அந்தத் துணிகளை எல்லாம் மூட்டை கட்டி மெஷினுக்கு அடியில் தள்ளினாள். தடங்களில் மண்ணைக் குழைத்துப் பூசினாள். காய்ந்ததும் அது வெளிறிப்போய் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

டீச்சர் வந்தார். மகனும் வந்தான். அவன் மரத்தைப் பார்க்கவே இல்லை. வந்ததும் வராததுமாகச் சுவருக்குச் சுவர் காலால் அளந்துகொண்டு போனான். டீச்சர் மட்டும் ஆஸ்பத்திரி முன்னால் நின்றுவிட்டார். கைப்பை தோளிலிருந்து நழுவி முழங்கைக்கு வந்ததுகூடத் தெரியாமல் நின்றார்.

"எல்லாமேவா?" என்றார்.

"பூச்சி டீச்சர்" என்றாள் அவள். "என்னென்னவோ மருந்து அடிச்சேன்." வரிசையாக வைத்திருந்த பாட்டில்களைக் காட்டினாள். பின்வாசல் நாற்காலியில் அப்பா, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் பாட்டிலைப் பார்க்கவில்லை. மரத்தில் பூசிய மண்ணை நகத்தால் சுரண்டினார். "இது என்ன, இவ்வளவு நேரா ஒரு கோடு? பூச்சி ஸ்கேல் வெச்சா கோடு போடும்?"

மகன் அளப்பதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். "இது மனுஷன் வேலைம்மா. கம்பி போட்டு இறுக்கியிருக்கான். அந்தப் பக்கத்து வீட்டு ஆளு உங்களுக்குப் போன் பண்ணிக் கத்தலையா? அவனாத்தான் இருக்கும். போலீஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்தா..."

"ஆமா" என்றார் டீச்சர் மெதுவாக. "அவர் அப்பவே கத்தினார்." அவள் பக்கம் திரும்பினார். "அவரா?"

அவள் தலையை ஆட்டினால் போதும். ஆட்டக்கூட வேண்டாம், சும்மா நின்றால் போதும். டீச்சரின் கோபம் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும், டீச்சர் மகனைவிட அவளை நம்புவார், வீடு இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் முகம் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. சுவருக்கு அப்பால் யாரோ காருக்குக் கவர் போடுகிற சத்தம். அவள் கையால் வைத்த கொக்கி, டக்கென்று மாட்டியது.

"அவர் இல்லை டீச்சர்" என்றாள்.

நாற்காலியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "அந்த மூட்டையை எடுத்துட்டு வா பாப்பா. டீச்சரம்மா பாக்கட்டும்."

மூட்டையைப் பிரித்துப் படியில் பரப்பினாள். டீச்சர் ஒவ்வொரு காலராக எடுத்துப் பார்த்தார். பொத்தான்களை விரலால் எண்ணினார். மரத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடியும் பொத்தானைப் பார்த்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உன்னைத் திட்டணும்னு வருது" என்றார். "எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல."

"திட்டுங்க டீச்சர்."

"எவ்வளவு அழகா தைச்சிருக்கே" என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

மகன் பொறுமையிழந்து சாவியைக் கையில் தட்டினான். "அம்மா, மரம் நிக்கிறவரைக்கும்னு நீங்கதான் சொன்னீங்க."

"நிக்குதே."

"செத்து நிக்குதும்மா. சந்துல நிக்கிற அந்த ஒண்ணு கணக்குல வராது."

டீச்சர் எழுந்து ஐந்து மரத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு வந்தார். அப்பா தினமும் போன அதே வரிசையில். "துளிர்க்கிற காலம் முடியட்டும்" என்றார் மகனிடம். "இந்த அஞ்சுல ஒண்ணாவது துளிர்த்தா, நான் உன்கூடப் பேசிக்கறேன். ஒண்ணுமே இல்லைன்னா உன் இஷ்டம்." அவளிடம் எதுவும் சொல்லாமல் காரில் ஏறிக்கொண்டார். போகும்போது பையில் ஒரு காலர் இருந்தது. எதற்கு எடுத்துப் போனார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ஆறாவது மரம் பூத்துக் கொட்டியது. பக்கத்து வீட்டுக் கார் கவர் மேல் ரோஸ் மெத்தை விரித்தது மாதிரி இருந்தது. அவர் சுவருக்கு மேல் தலையை நீட்டவே இல்லை. இந்தப் பக்கம் ஐந்தும் விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டு வைத்த மாதிரி நின்றன.

அவள் நகத்தோடு போவதை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி தடம்வரைக்கும் பழுப்பு. மார்க்கெட்டும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கம் கொஞ்ச நாள் பச்சை தெரிந்தது. பிறகு அதுவும் போயிற்று. அப்பா வெளியே வருவதில்லை. கூப்பிட்டால், "பஸ் ஸ்ட்ரைக்" என்பார். கால்கள் வீங்கத் தொடங்கின. சாப்பிடும்போது தட்டைத் தடவித் தடவி, எங்கே சோறு, எங்கே குழம்பு என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த வீட்டில் அவர் அதைக் கேட்டதே இல்லை. வீடு மாறுவதற்கு முன்னாலேயே அவர் மாறத் தொடங்கிவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. தம்பிக்குப் போன் செய்து, ஒரு அறை ஒழித்துவைக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றான். அவன் குரலில் இருந்த தயக்கத்தை அவள் கேட்காத மாதிரி வைத்துவிட்டாள்.

துளிர்க்கிற காலம் முடியப்போகிற சமயம் ஒருநாள், கட்டாயப்படுத்தித்தான் அவரை வெளியே கூட்டி வந்தாள். அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்தார். கோர்ட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது அவள் குனிந்து பார்த்தாள். தினமும் பார்க்கிற இடம் இல்லை அது. தினமும் அவள் தடத்துக்கு மேலேதான் கீறிக்கொண்டிருந்தாள். தடத்துக்குக் கீழே, மண்ணோடு மண்ணாக, அடிமரத்தை வெடித்துக்கொண்டு ஒரு துளிர் வந்திருந்தது. பொத்தான் அளவுகூட இல்லை. சிவப்பாக, ஈரமாக, இப்போதுதான் திறக்கப்போகிற மாதிரி.

மேலே மரம் முழுக்கச் செத்திருந்தது. இதை மரம் என்று டீச்சர் ஒப்புக்கொள்வாரா? மகன் ஒப்புக்கொள்வானா? தெரியவில்லை. வெயில் பட்டால் போச்சு. பூனை மிதித்தால் போச்சு. அவள் கை தானாக மெஷின் அறைப் பக்கம் நீண்டது: ஒரு துண்டு வலைத்துணி, நாலு குச்சி, சுற்றி ஒரு சின்ன உறை. கண்ணாலேயே அளவும் எடுத்துவிட்டாள்.

பிறகு கையை மடித்துக்கொண்டாள்.

அப்பாவின் பிடி நழுவியிருந்தது. அவர் தன்பாட்டில் ஒரு அடி எடுத்து வைக்கக் காலைத் தூக்கினார், நேராக அந்தத் துளிரை நோக்கி.

"அப்பா, நில்லுங்க."

தூக்கின கால் தூக்கினபடி நின்றது. காற்றில் ஒரு கை துழாவி, செத்த மரத்தைப் பிடித்துக்கொண்டது.

"ஸ்டாப்பா?" என்றார்.

"ஆமாப்பா" என்றாள். "ஸ்டாப்."